ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: எங்கே உறவு, எங்கே தற்செயல்?

கேள்வி: ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்குவதற்காக, ஒரே எழுத்துகளில் தொடங்கும் சொற்களைக் கூட்டம் கூட்டமாகப் பொருளோடு எழுதி மனப்பாடம் செய்கிறேன். இப்படிச் சேர்ந்து வரும் சொற்களுக்குப் பொருளிலும் உறவு உண்டா? இந்த முறையால் பலன் இருக்குமா?

பதில்: உறவு உள்ள இடமும் இருக்கிறது, கொஞ்சம்கூட இல்லாத இடமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அகரவரிசையில் அள்ளி எழுதினால் உழைப்பு வீணாகும். 'கன்சீல்' என்றால் மறைப்பது, 'கன்சீவ்' என்றால் கருக்கொள்வது அல்லது மனத்தில் உருவாக்குவது, 'கன்சீட்' என்றால் விட்டுக்கொடுப்பது. மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படித்தவருக்கு ஒரு வாரம் கழித்து எது எந்தப் பொருள் என்று தடுமாற்றம் வரும். உருவம் ஒன்றுபோல இருந்து, பொருள் வெவ்வேறாக இருந்தால் நினைவில் ஒன்றின் பொருள் மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். அகரவரிசை சொல்லைத் தேடி எடுப்பதற்கான வசதி. 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட, ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி காலத்திலிருந்து அதற்காகத்தான் அது பயன்படுகிறது. மனத்தில் பதிய வைக்க வேறு ஒழுங்கு வேண்டும்.

தொடக்க எழுத்துகள் ஒன்றாக இருப்பதற்குக் காரணங்கள் நான்கு. முன்னொட்டு ஒன்றாக இருக்கலாம். வேர் ஒன்றாக இருக்கலாம். ஒலியே ஒரு சாயலைத் தரலாம். எதுவுமே இல்லாமல் வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். நான்கையும் நான்கு விதமாகக் கையாள வேண்டும்.

அதிகப் பலன் தருவது முன்னொட்டு. 'அன்', 'ரீ', 'இன்', 'டிஸ்' இந்த நான்கு மட்டுமே, பள்ளிப் பாடநூல்களில் வரும் முன்னொட்டுள்ள ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் இருக்கின்றன. எனவே தொடங்க வேண்டிய இடம் இது. ஆனால் முன்னொட்டைப் படிக்கும்போது பலரும் கவனிக்காமல் விடுவது அதன் உருமாற்றம். இல்லை என்ற பொருள் தரும் 'இன்' எல்லா இடத்திலும் 'இன்' ஆகவே நிற்பதில்லை. பி, எம் ஆகிய எழுத்துகளுக்கு முன்னால் அது 'இம்' ஆகும்: 'இம்பாசிபிள்', 'இம்மெச்சூர்'. எல் எழுத்துக்கு முன்னால் 'இல்': 'இல்லீகல்'. ஆர் எழுத்துக்கு முன்னால் 'இர்': 'இர்ரெகுலர்'. தமிழ் தெரிந்தவருக்கு இது புதிதே இல்லை. மரம் என்பதோடு கள் சேரும்போது மரங்கள் ஆகிறது. ககரம் பிறக்கும் இடத்துக்கு நாக்கு முன்கூட்டியே போய்விடுவதால் மகரம் ஙகரமாகிறது. 'இன்' என்பதோடு 'பாசிபிள்' சேரும்போதும் அதேதான் நடக்கிறது. உதடு மூடத் தயாராவதால் னகரம் மகரமாகிறது. இது புணர்ச்சி விதி, அவ்வளவுதான். 'அன்' மட்டும் இப்படி மாறாது, ஏனென்றால் அது லத்தீனிலிருந்து வந்ததல்ல, ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டு. சட்டத்துக்குப் புறம்பானது என்பதற்கு 'இல்லீகல்' என்றும் 'அன்லாஃபுல்' என்றும் இரு வடிவங்கள் இருப்பதைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

இந்த உருமாற்றத்தைப் புரிந்துகொண்டால் எழுத்துப் பிழை பாதி குறையும். இரட்டை எழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பதை மனப்பாடம் செய்யாமல் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். இடம் கொடு என்னும் பொருளுள்ள 'அக்காமடேட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பலர் அதில் ஒரு எம் விட்டுவிடுவார்கள், சிலர் ஒரு சி விட்டுவிடுவார்கள். உள்ளே பிரித்துப் பார்த்தால் இரண்டு முன்னொட்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவது, நோக்கி என்ற பொருளுள்ள 'அட்'. இரண்டாவது, சேர்ந்து என்ற பொருளுள்ள 'காம்'. அதன்பின் அளவு என்ற பொருளுள்ள லத்தீன் வேர் எம் எழுத்தில் தொடங்குகிறது. 'அட்' என்பதன் டி, பின்னால் வரும் சி-யைப் பார்த்துத் தானும் சி ஆகிவிட்டது. ஆகவே இரண்டு சி. 'காம்' முடிவதும் எம், வேர் தொடங்குவதும் எம். ஆகவே இரண்டு எம். ஏ-சி-சி-ஓ-எம்-எம்-ஓ-டி-ஏ-டி-இ. பரிந்துரை என்று பொருள்படும் 'ரெக்கமெண்ட்' சொல்லில் ஏன் ஒரே சி? முன்னால் இருப்பது 'ரீ'. அது உயிரொலியில் முடிகிறது, இரட்டிக்க அங்கே மெய்யெழுத்தே இல்லை. பின்னால் 'காம்' இருப்பதால் எம் மட்டும் இரண்டு.

இதே கணக்கைப் போட்டால், மறைந்துபோ என்ற 'டிஸப்பியர்' சொல்லில் ஒரே எஸ்தான், ஏனென்றால் 'டிஸ்' என்பதோடு சேரும் 'அப்பியர்' ஏ எழுத்தில் தொடங்குகிறது. 'டிஸ்சாட்டிஸ்ஃபைடு' சொல்லில் இரண்டு எஸ், ஏனென்றால் சேரும் சொல் எஸ் எழுத்தில் தொடங்குகிறது. பிழையாக எழுது என்ற 'மிஸ்ஸ்பெல்' சொல்லையே பிழையாக எழுதுபவர்கள் ஏராளம். 'மிஸ்', 'ஸ்பெல்' என்று இரண்டாகப் பிரித்து எழுதிப் பார்த்தால் இரண்டு எஸ் தானாக வந்து நிற்கும். தேவையற்ற என்ற 'அன்நெசசரி' சொல்லில் இரண்டு என் வருவதும் இப்படித்தான்.

முன்னொட்டில் கண்ணி வெடிகளும் உண்டு. இவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே பிழை நேர்ந்தால் பொருள் தலைகீழாகும். 'இன்' என்ற முன்னொட்டு உண்மையில் இரண்டு. ஒன்று இல்லை என்பது, மற்றொன்று உள்ளே என்பது. 'இன்ஃப்ளேமபிள்' என்று ஒரு டப்பாவின் மேல் எழுதியிருந்தால் தீப்பிடிக்காது என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே இருப்பது உள்ளே என்ற 'இன்'. தீப்பற்றிக்கொள்ளும் என்பதே பொருள். இந்தக் குழப்பம் ஆபத்தானது என்பதால்தான் எச்சரிக்கைப் பலகைகளில் 'ஃப்ளேமபிள்' என்ற வடிவமே இப்போது விரும்பி எழுதப்படுகிறது. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது அல்ல, விலைமதிப்பற்றது. தமிழில் 'மதிப்பற்ற', 'விலைமதிப்பற்ற' இரண்டும் எதிரெதிர் நிற்பதைப் போலவே அதையும் நினைவில் வைக்கலாம். 'ப்ரிஸ்கிரைப்' என்றால் இதைச் செய் என்று எழுதிக் கொடுப்பது, 'ப்ரோஸ்கிரைப்' என்றால் தடை செய்வது. 'ஹைப்பர்' என்றால் அளவுக்கு மேல், 'ஹைப்போ' என்றால் அளவுக்குக் கீழ். 'ஹைப்பர்டென்ஷன்' உயர் இரத்த அழுத்தம், 'ஹைப்போடென்ஷன்' தாழ் இரத்த அழுத்தம். இரண்டு எழுத்து வித்தியாசத்தில் நோய் வேறு, மருந்து வேறு. இத்தகைய ஜோடிகளை ஒரே நாளில் படிக்கவே கூடாது. ஒன்றை நன்றாகப் பழகி, தானாக நாவில் வரும் நிலை வந்தபின் மற்றொன்றைத் தொடுவதுதான் பாதுகாப்பு.

இன்னொரு வகைக் கண்ணி, வெளியே ஒரே உருவம், உள்ளே வேறு வேர். 'பெடல்', 'பெடஸ்ட்ரியன்' ஆகியவற்றில் பி-இ-டி என்பது கால் என்ற லத்தீன் சொல். குழந்தை மருத்துவம் என்ற 'பீடியாட்ரிக்ஸ்' சொல்லில் அதே மூன்று எழுத்துகள் குழந்தை என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. 'ஹோமோஜீனியஸ்' சொல்லில் 'ஹோமோ' ஒரே மாதிரி என்ற கிரேக்கம். மனித இனத்தின் அறிவியல் பெயரான 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்பதில் அது மனிதன் என்ற லத்தீன். 'ஆன்ட்டி' என்று கேட்டதும் எதிர் என்று முடிவு கட்ட முடியாது. 'ஆன்ட்டிபயாட்டிக்' சரி. ஆனால் எதிர்பார் என்ற 'ஆன்டிசிபேட்', பழம்பொருள் என்ற 'ஆன்டிக்' இரண்டிலும் இருப்பது முன்னால் என்று பொருள்படும் லத்தீன் 'ஆன்ட்டே'. உரு மாறி ஐ எழுத்து வந்து உட்கார்ந்துவிட்டது.

எம்-ஏ-என் என்று தொடங்கும் சொற்களில் ஒரு நல்ல குடும்பம் இருக்கிறது. ஆள் என்ற 'மேன்' சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை. 'மேனுவல்', 'மேனுஸ்கிரிப்ட்', 'மேனுஃபேக்சர்', 'மேனேஜ்' நான்கிலும் இருப்பது கை என்ற லத்தீன் சொல். 'மேனுஸ்கிரிப்ட்' கையெழுத்துப் பிரதி. 'மேனேஜ்' கையாளுதல். தமிழும் அதே கையை வைத்தே இந்தச் சொற்களைக் கட்டியிருப்பதால் இந்தக் குடும்பத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. 'டெலி' குடும்பமும் இப்படித்தான். தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி என்று நாம் தினமும் சொல்லும் 'தொலை' அந்தக் கிரேக்க முன்னொட்டின் நேர்த் தமிழ்.

லத்தீன், கிரேக்கம் தவிர ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களிலும் வேர்க் குடும்பங்கள் உண்டு. இரண்டு என்ற 'டூ' சொல்லில் ஒலிக்காத டபிள்யூ ஏன் இருக்கிறது என்று கேட்பவர்கள் 'ட்வின்', 'ட்வைஸ்', 'ட்வென்ட்டி', 'ட்வெல்வ்', 'பிட்வீன்' சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எல்லாவற்றிலும் இரண்டு இருக்கிறது, எல்லாவற்றிலும் டபிள்யூ ஒலிக்கிறது. 'டூ' சொல்லில் மட்டும் ஒலி தேய்ந்து எழுத்து நின்றுவிட்டது. 'ட்வெல்வ்' என்பதன் பழைய பொருள் பத்து போக மீதி இரண்டு. இரட்டை இழையாக முறுக்கிய நூல் 'ட்வைன்'. அந்தி வெளிச்சமான 'ட்வைலைட்' சொல்லிலும் அதே இரண்டு நிற்கிறது. ஆனால் வெடுக்கென்று இழுப்பதைக் குறிக்கும் 'ட்விட்ச்' இந்தக் குடும்பம் அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் கேள்விச் சொற்கள். தமிழில் இ அண்மைச் சுட்டு, அ சேய்மைச் சுட்டு, எ வினா. இங்கே, அங்கே, எங்கே. ஆங்கிலத்தில் 'ஹியர்', 'தேர்', 'வேர்'. ஹெச் அண்மைக்கு, டி-ஹெச் சேய்மைக்கு, டபிள்யூ-ஹெச் வினாவுக்கு. பழைய ஆங்கிலத்தில் இந்த வரிசை இன்னும் நிறைவாக இருந்தது: இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து என்பதற்கு 'ஹென்ஸ்', 'தென்ஸ்', 'வென்ஸ்'. இன்றைய ஆங்கிலத்தில் வழக்கில் மிஞ்சியிருப்பது 'ஹென்ஸ்' மட்டும், அதுவும் பெரும்பாலும் 'ஆகவே' என்ற பொருளில். 'வாட்', 'வென்', 'விச்', 'ஒய்', 'ஹூ' எல்லாம் ஒரே வினா வேரிலிருந்து வந்தவை. அதே வேரில் பிறந்த 'ஹவ்' மட்டும் டபிள்யூவை முன்னாலிருந்து இழந்துவிட்டது.

டி-ஹெச் சொற்களில் இன்னொரு பயனும் உண்டு. சுட்டும் சொற்களான 'திஸ்', 'தட்', 'தென்', 'தே', 'தோஸ்' போன்றவற்றில் அது 'அது' என்ற சொல்லின் தகரம்போல அதிர்ந்து ஒலிக்கும். இவற்றோடு 'தோ', 'தேன்' போன்ற இணைப்புச் சொற்களும் சேரும். பெயர், வினை, பண்பு குறிக்கும் 'திங்', 'திங்க்', 'தின்', 'திக்' சொற்களில் அதிராமல் காற்றாக ஒலிக்கும். இணைப்புச் சொல்லாக இருந்தும் அதிராமல் ஒலிப்பது 'த்ரூ' ஒன்றுதான். உச்சரிப்பை ஒவ்வொரு சொல்லாகப் படிப்பதைவிட இந்த ஒரு விதி மிகவும் உதவும்.

இனி ஒலிச்சாயல். தமிழில் பளபள, பளிச், பளீர் என்று சொல்லும்போதே கண்ணில் ஒளி படுகிறது. வழவழ, வழுக்கு, வழுவு என்றால் கை நழுவுகிறது. அதற்காகப் பள்ளத்தில் ஒளி இருக்கிறது என்றோ, வழக்கறிஞர் வழுக்குவார் என்றோ யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படியே. ஜி-எல் என்று தொடங்கும் 'கிளிட்டர்', 'கிளீம்', 'கிளோ', 'கிளின்ட்', 'கிளிம்மர்' எல்லாம் ஒளி. கையுறையான 'கிளவ்', பசையான 'க்ளூ' ஒளியல்ல. எஸ்-எல் என்றால் 'ஸ்லிப்', 'ஸ்லைட்', 'ஸ்லைம்' என்று வழுக்கல். உறக்கமான 'ஸ்லீப்' அதில் சேராது. இந்த ஒற்றுமையை ஜான் வாலிஸ் 1653இல் எழுதிய ஆங்கில இலக்கண நூலிலேயே பதிவு செய்திருக்கிறார். இதற்கு ஒரு கலைச்சொல் தந்தவர் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த், 1930இல்.

எஸ்-என் கூட்டம் மூக்குக் கூட்டம். 'ஸ்னோர்' குறட்டை, 'ஸ்னிஃப்' மோந்து பார்ப்பது, 'ஸ்னார்ட்' மூக்கால் சீறுவது, 'ஸ்னவுட்' விலங்கின் நீண்ட மூக்குப் பகுதி, 'ஸ்னீஸ்' தும்மல். இதில் தும்மலின் கதை தனி. அந்தச் சொல் முதலில் எஸ் எழுத்தில் தொடங்கவே இல்லை, எஃப்-என் என்று தொடங்கியது. அந்தச் சேர்க்கை ஆங்கிலத்திலிருந்து மெல்ல மறைந்தது. பழைய கையெழுத்தில் நீள எஸ் எழுத்தும் எஃப் எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு மூக்குக் கூட்டம் நிற்க, தும்மலும் எஸ் போட்டுக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒலிச்சாயல் வெறும் கற்பனை அல்ல, சொல்லின் உருவத்தையே இழுக்கும் வலு அதற்கு உண்டு என்பதற்கு இது நல்ல சான்று. ஆனாலும் பாம்பான 'ஸ்னேக்', பனியான 'ஸ்னோ' மூக்கோடு சம்பந்தப்படாதவை.

டபிள்யூ-ஆர் கூட்டத்தில் முறுக்கலும் வளைதலும். 'ரிங்' என்று ஒலித்து டபிள்யூவில் தொடங்கும் சொல் துணியைப் பிழிவது. 'ரிஸ்ட்' திரும்பும் மணிக்கட்டு, 'ரெஞ்ச்' திருகுவது, 'ரிங்கிள்' சுருக்கம், 'ரீத்' வளையமாகக் கட்டிய மலர். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்த டபிள்யூ ஒலிப்பது நின்றது, எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. தவறு என்ற 'ராங்' சொல்லும் இதில்தான் வருகிறது. அதன் பழைய பொருள் வளைந்தது. சரி என்ற 'ரைட்' சொல்லின் பழைய பொருள் நேரானது. நேர்மையும் கோணலும், செங்கோலும் கொடுங்கோலும் நம்மிடம் நிற்பதும் இதே எண்ணத்தின் மேல்தான். டபிள்யூ உள்ள மற்றொரு 'ரைட்', எழுது என்பது, முறுக்கல் குடும்பம் அல்ல. அதன் பழைய பொருள் கீறுவது.

தற்செயலுக்கு இரண்டு எடுத்துக்காட்டு போதும். 'பென்', 'பென்சில்' இரண்டும் எழுதும் கருவி, முதல் மூன்று எழுத்தும் ஒன்று, ஆனாலும் உறவில்லை. 'பென்' இறகு என்ற சொல்லிலிருந்து வந்தது. 'பென்சில்' சின்ன வால் என்ற சொல்லிலிருந்து, அதாவது முடித் தூரிகையிலிருந்து வந்தது. தீவு என்ற 'ஐலண்ட்' சொல்லில் முதலில் எஸ் கிடையாது. லத்தீன் வழி வந்த 'ஐல்' சொல்லுக்கு உறவு என்று தவறாக எண்ணி 16ஆம் நூற்றாண்டில் அதைச் செருகிவிட்டார்கள். படித்தவர்களே ஏமாந்த இடம் என்பதால், எழுத்தை மட்டும் வைத்து உறவு கட்டுவதில் கவனம் வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு சொல்லில் முன்னொட்டு இருக்கிறதா என்று பார்க்க, முன்பகுதியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் தனிச் சொல்லாக நிற்கிறதா, அல்லது வேறு முன்னொட்டோடும் வருகிறதா என்று பாருங்கள். 'ரெட்', 'ரெடி' சொற்களில் ஆர்-இ மறைத்தால் மிஞ்சுவது எதற்கும் உதவாது, ஆகவே முன்னொட்டு இல்லை. 'ரிஜெக்ட்' சொல்லில் மிஞ்சும் 'ஜெக்ட்' தனிச் சொல் அல்ல, ஆனால் 'இன்ஜெக்ட்', 'எஜெக்ட்', 'இன்டர்ஜெக்ட்' என்று பல இடத்தில் வருகிறது. ஆகவே அது வேர். எறி என்பது பொருள். திருப்பி எறிவது, உள்ளே எறிவது, வெளியே எறிவது, பேச்சின் இடையே எறிவது என்று நான்கும் விளங்கிவிடும். இரண்டாவது சோதனை பொருள்: முன்னொட்டின் பொருளும் வேரின் பொருளும் சேர்ந்து சொல்லின் பொருளை ஓரளவாவது தர வேண்டும். இரண்டிலும் தேறினாலும், நல்ல அகராதியில் சொற்பிறப்புக் குறிப்பை ஒருமுறை பார்த்துவிட்டே குறிப்பேட்டில் ஏற்றுங்கள்.

ஆக, குறிப்பேட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு குடும்பம், அதில் 5 முதல் 7 சொற்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் பிளந்து எழுதி, பக்கத்தில் பொருளும், நீங்களே கட்டிய ஒரு வாக்கியமும் இருக்கட்டும். பக்கத்தின் அடியில் கோடு போட்டு, அதே எழுத்துகளில் தொடங்கினாலும் குடும்பத்தில் சேராத சொற்கள் இரண்டை எழுதுங்கள். 'மேனுவல்' பக்கத்தின் அடியில் 'மேன்' இருக்க வேண்டும், 'கிளிட்டர்' பக்கத்தின் அடியில் 'கிளவ்' இருக்க வேண்டும். விதி எங்கே நிற்கும் என்பதும் கூடவே பதிவதற்குத்தான் இது. பக்கத்தை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் திறந்து, பொருள் பத்தியை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். மூன்று முறையும் வழுக்கும் சொல்லை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து, தனித் தாளில் வேறொரு நாளைக்கு ஒதுக்குங்கள். அது பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் ஏதோ ஒரு சொல்லோடு மோதிக்கொண்டிருக்கும்.

தெரியாத சொல் ஒன்று படிக்கும்போது குறுக்கிட்டால் முன்னொட்டை நம்பி ஊகிக்கலாம், வேர் தெரிந்திருந்தால் இன்னும் உறுதியாக ஊகிக்கலாம். ஒலிச்சாயலை வைத்து ஊகிப்பது கதை, கவிதை வரிகளில் ஓரளவு கைகொடுக்கும். மருந்துச் சீட்டிலும் ஒப்பந்தத்திலும் எந்த ஊகமும் வேண்டாம். அங்கே அகராதியைத் திறந்து பாருங்கள்.